பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார்

கனிபாவுக்கு வானத்தைக் கண்டால் பயம். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. பாம்புக்குப் பயந்தவர்கள் புதர்ப் பக்கம் போகாமல் இருந்துகொள்ளலாம். தண்ணீருக்குப் பயந்தவர்கள் ஆற்றை விட்டுத் தள்ளிக் குடியிருக்கலாம். வானத்துக்குப் பயந்தவள் எங்கே போவாள்? அதிலும் எங்கள் சமவெளியில் மலை கிடையாது, மரம் கிடையாது. கதவைத் திறந்தால் வாசலிலிருந்தே வானம் ஆரம்பித்துவிடும்.

அவள் பிறந்தது தெற்கே, மலையடிவாரத்தில். அங்கே வானம் என்பது இரண்டு மலைகளுக்கு நடுவில் தெரிகிற ஒரு துண்டு, அவ்வளவுதான். செரிம்பெத்துக்கு வாழ்க்கைப்பட்டு சாரிசு ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் முழு வானத்தையும் பார்த்தாள். வந்த முதல் கோடையிலேயே அது தன் புத்தியைக் காட்டியது. கூடாரத்துக்கு வெளியே தோல்பையில் குதிரைப்பாலைக் கடைந்துகொண்டிருந்தாள். மேகம் இல்லாமல் இடி இடித்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள், குதிரைக்குட்டிகளைக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் ஒரு பெரிய தகடு வந்து விழுந்து, புல்லைக் கருக்கி, புகைந்துகொண்டு கிடந்தது. ஓரத்தில் கட்டியிருந்த குட்டி இரண்டு நாளில் செத்துப்போனது. அன்றைக்குப் பிடித்த நடுக்கம் முப்பது வருஷமாகியும் முழுதாக விடவில்லை.

மற்றவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. ஏவுதளத்திலிருந்து கிளம்புகிற ராக்கெட்டுகள் தம் கீழ்ப்பாகத்தைக் கழற்றி எறிகிற வழியில்தான் எங்கள் ஊர் கோக்ஜார் இருக்கிறது. முன்கூட்டியே ஜீப்பில் ஆள் வரும். இன்ன நாளில் வீட்டுக்குள் இருக்காதீர்கள், கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், விழுந்ததைத் தொடாதீர்கள், அந்தப் புகை விஷம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போவார்கள். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு மறுநாளே போய்த் தூக்கிக்கொண்டு வருவோம். எங்கள் ஊரில் கன்றுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி, கோழிக் கூண்டின் கூரை, கழிப்பறைக் கதவு, எல்லாம் வானத்திலிருந்து வந்தவைதான். செரிம்பெத்தும் அப்படி ஒரு தொட்டி செய்து வாசலில் வைத்தான். கனிபா அதில் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றவில்லை.

அதற்குப் பதிலாக அவள் காவல் காக்கத் தொடங்கினாள். பொழுது சாய்ந்து இருட்டு கட்டுகிற வரைக்கும், காலையில் வெளுப்பதற்கு முன்னாலும், வாசலில் நின்று மேலே பார்ப்பாள். நகர்கிற எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பார்த்துப் பார்த்து அவற்றின் குணம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. சிமிட்டாமல், ஒரே வெளிச்சமாக, ஒரே வேகத்தில் போகிறது செயற்கைக்கோள். அதனால் ஆபத்தில்லை. பளிச்சென்று எரிந்து, மங்கி, மறுபடி பளிச்சென்று எரிந்தால் அது செத்துப்போன ராக்கெட், கேட்பாரில்லாமல் உருண்டுகொண்டிருக்கிறது. அதன் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிதாக, வெள்ளியைப் போல மின்னிக்கொண்டு வருவது மனிதர்கள் இருக்கிற விண்வெளி நிலையம். சில நாட்கள் சாயங்காலத்தில் வரும், பிறகு காணாமல் போகும், பிறகு விடியற்காலையில் வரத் தொடங்கும்.

சாயங்காலத்தில் அது மேற்கே எழுந்து வந்து, கிழக்கே இறங்குவதற்குள் பாதி வழியிலேயே அணைந்துவிடும். முதல் தடவை அப்படி அணைந்தபோது, உள்ளே இருந்தவர்களோடு விழுந்தேவிட்டது என்று கனிபா அழுதிருக்கிறாள். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது, வேறொன்றும் இல்லை என்று செரிம்பெத் விளக்கு ஒன்றையும் ரொட்டியையும் வைத்துக் காட்டினான். விடியற்காலையில் இதுவே தலைகீழ். நிழலிலிருந்து வெளியே வருவதால் நடுவானத்தில் திடீரென்று முளைக்கும், பிறகு கிழக்கே போய் இறங்கும். வானத்தில் ஓடுகிறவற்றுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரியன் பட்டால்தான் தெரியும் என்பதை அன்றைக்கு அவள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டாள்.

ஒரு வருஷம், புதிதாக ஏவிய செயற்கைக்கோள்கள் வரிசையாக, நூலில் கோத்த மணிகளைப் போல வானத்தில் போயின. கோக்ஜார் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. சிலர் முழங்காலில் விழுந்து தொழுதார்கள், சிலர் போனில் படம் பிடித்தார்கள், சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக் கடன்காரனிடம் மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு. கனிபா மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிமிட்டவில்லை, ஒழுங்காகத்தான் போகிறது என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள். அதுவரை அவளை வானத்துக் காவல்காரி என்று கேலி செய்தவர்கள், அதற்குப் பிறகும் கேலி செய்தார்கள். ஆனால் எதையாவது பார்த்துப் பயந்தால் அவளுக்குத்தான் போன் செய்தார்கள்.

இங்கே எங்கள் வழக்கம் இரண்டைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு நட்சத்திரம் உண்டு. அது விழுந்தால் ஆளும் போய்விடுவார். அதனால் எதுவாவது எரிந்து விழுவதைக் கண்டால் உடனே, "என் நட்சத்திரம் மேலே இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். விழுந்தது வேறு யாருடையதோ என்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைக்காகத் தாய், பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லலாம். வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அவரவரே சொல்லிக்கொள்வார்கள்; பக்கத்தில் இல்லாதவருக்கு மற்றவர் பெயர் சொல்லிச் சொல்லலாம்.

இரண்டாவது, பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. புருஷனுடைய தம்பி பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. கனிபாவுக்குச் செரிம்பெத் "வீட்டுக்காரர்". அவன் தம்பி எர்முகான், அவள் மணப்பெண்ணாக வந்த அன்று காது மறைகிற பெரிய தொப்பியோடு நின்றதால், அவளுக்கு இன்றுவரை "தொப்பித்தம்பி". அவனுக்குத் தலை வழுக்கையாகி, பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. இருந்தாலும் தொப்பித்தம்பிதான். ஆஸ்பத்திரியில் புருஷன் பெயரைக் கேட்டபோது, வாயைத் திறக்காமல் அடையாள அட்டையை நீட்டிய பெண் அவள். அவளுடைய வாயிலிருந்து செரிம்பெத் என்ற சொல்லைக் கேட்ட மனிதன் எங்கள் பக்கத்தில் ஒருவனும் கிடையாது. செரிம்பெத்தும் கேட்டதில்லை.

இனி அந்த அக்டோபர் மாதத்துக்கு வருகிறேன். தரையில் உறைபனி விழத் தொடங்கியிருந்தது. கனிபாவும் செரிம்பெத்தும் ஊரிலிருந்து தள்ளி, குளிர்காலத்துக்கென்று கட்டிய மண் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உப்புத்தரைப் பக்கம் புல் இன்னும் மிச்சமிருந்ததால் செரிம்பெத் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தான். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, காலையில் திரும்புவதாகப் பேச்சு. கிளம்பும்போது சேணத்தின் வயிற்றுவாரைக் கனிபா சுட்டிக்காட்டினாள். அது ஓரத்தில் கிழிந்திருந்தது. தைத்துவிட்டுப் போகச் சொன்னாள். வந்து தைத்துக்கொள்ளலாம் என்று அவன் ஏறிவிட்டான். ஒரு மாதமாகவே அவன் அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வெளுப்பதற்கு முன் அவள் வழக்கம்போல வாசலுக்கு வந்தாள். நிலையம் காலையில் வருகிற நாட்கள் அவை. எந்த இடத்தில் முளைக்கும் என்று அவளுக்குத் தெரியும், அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேற்கே, தரையை ஒட்டி, ஒரு வெளிச்சம் எழுந்தது.

சரி, வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த கணம் திசை உறைத்தது. அது நிழல் இருக்கிற பக்கம். அந்த இருட்டில் எதுவும் தெரியக் கூடாது. சூரியன் படாத இடத்தில் ஒன்று ஒளிர்கிறதென்றால் அது தானே எரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் நீண்டது, வால் விட்டது, இரண்டாக, பிறகு ஏழெட்டாகப் பிரிந்தது. ஆரஞ்சு நிறத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல், மெதுவாகத் தலைக்கு மேலே போயின. எரிநட்சத்திரம் என்றால் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். இது முடியவே இல்லை. முற்றத்தில் இருந்த தொட்டிக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நிழல் விழுந்து, அந்த நிழல்கள் தரையில் நகர்ந்தன.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "என் நட்சத்திரம் மேலே இருக்கு."

சொன்ன பிறகுதான் அவை போகிற திசையைப் பார்த்தாள். தென்கிழக்கு. உப்புத்தரை.

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். தன்னுடையது மேலே இருக்கிறது என்று சொல்லியாயிற்று. அவருடையது? என்ன என்று சொல்வது, யாருடையது என்று சொல்வது? வீட்டுக்காரர் என்று சொன்னால் வானத்துக்கு என்ன தெரியும், உலகத்தில் எத்தனை வீட்டுக்காரர்கள். பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அவள் திணறிக்கொண்டிருக்கும்போதே கடைசித் துண்டும் மங்கிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்தடுத்து இரண்டு அதிர்வுகள் வந்தன. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. நாய் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அது இரும்பு என்று அவளுக்குத் தெரியாதா? எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். மேலே உருண்டுகொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுப்பைப் பற்றவைத்தாள், தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள், உப்புப் போட்டதை மறந்து மறுபடி உப்புப் போட்டாள். இரும்பாக இருந்தாலும் விழுந்தது விழுந்ததுதானே என்கிற நினைப்பு மட்டும் போகவில்லை. தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டு, அதை அவர் பக்கம் தள்ளிவிட்டுவிட்டோம் என்று, தேநீரை அப்படியே விட்டுவிட்டு மறுபடி வாசலுக்கு வந்து நின்றாள்.

வெயில் வந்த பிறகு குதிரைகள் வந்தன. யாரும் ஓட்டாமல், மூக்கில் நுரையோடு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தாமாகவே வந்தன. நடுவில் செரிம்பெத் ஏறிப்போன பழுப்புக் குதிரை. அதன் மேல் ஆள் இல்லை. சேணம் சரிந்து, முன்பின் மாறித் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்குள் ஒருவர் இறந்தால், அவர் குதிரைக்குச் சேணத்தைத் திருப்பிப் போட்டு நடத்திக்கொண்டு போவோம். அதைக் கண்ட மாத்திரத்தில் கனிபா, யாராவது பார்ப்பதற்குள், அது ஆளில்லாத இடம் என்பதைக்கூட மறந்து, ஓடிப்போய்ச் சேணத்தை அவிழ்த்து நேராக்கினாள். வயிற்றுவார் அறுந்திருந்தது. கிழிந்திருந்த அதே இடத்தில்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டே வறட்டி அடுக்கின் மேல் ஏறினாள். அந்த வீட்டில் போனுக்கு உயிர் வருகிற இடம் அது ஒன்றுதான்.

எர்முகான் தன் பழைய ஜீப்பை எப்படித்தான் ஓட்டினானோ, சீக்கிரம் வந்துவிட்டான். வழக்கமாக அண்ணியைக் கண்டால் ஒரு கேலியாவது பேசாமல் இருக்க மாட்டான். அன்றைக்குப் பேசவில்லை. கனிபாவுக்கு அதுவே பெரிய பயமாக இருந்தது. வழி நெடுக அவள் அறுந்த வாரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது ஒன்றுதான்.

"அண்ணி, அங்க எதாவது கெடந்தா நீங்க கிட்ட போகாதீங்க. காத்து வர்ற பக்கமா நில்லுங்க. புகைய மூச்சுல இழுத்துறாதீங்க."

"உங்க அண்ணன் கெடந்தா?"

அவன் கியரை மாற்றினான். 

உப்புத்தரைக்கு முன்னால் ஆள் உயரத்துக்குப் புல் வளர்ந்த காடு ஒன்று உண்டு. எங்கள் பெண்கள் பாய் பின்னுவது அந்தத் தண்டுகளில்தான். நடுநடுவே மழைத் தண்ணீர் அறுத்த பள்ளங்கள் இருப்பதால் ஜீப் போகாது. அதன் மேலே ஒரு மெல்லிய புகை நின்றது. எர்முகான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமிருந்து வருவதாகச் சொன்னான். கனிபா இறங்கி, தலைத்துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். தூரத்தில் அவன் ஹாரனை அடித்து அடித்து நிறுத்துவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

புல்லுக்குள் போனபின் வானம் மறுபடி ஒரு துண்டாகிவிட்டது. அவள் பிறந்த ஊரைப் போல. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இப்போது பயம் மேலேயிருந்து இறங்கி, கண்ணுக்கெட்டாத இரண்டடி முன்னால் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. எந்தத் தண்டை விலக்கினாலும் அங்கே ஒரு பூட்ஸ் தெரிந்துவிடுமோ என்று விலக்குவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டாள். எரிந்த நாற்றம் வந்தது. பானை அடிப்பிடித்தாற்போலவும் அல்ல, ரப்பரை எரித்தாற்போலவும் அல்ல, அவள் அந்த முதல் கோடையில் முகர்ந்த நாற்றம்.

பிறகு அதைப் பார்த்தாள். கருகிய வட்டத்துக்கு நடுவில் ஓர் உலோக உருண்டை உட்கார்ந்திருந்தது. கல்யாணத்துக்கு இறைச்சி வேகவைக்கிற அண்டா அளவு இருக்கும். ஒரு நசுங்கல்கூட இல்லை. சுற்றிலும் புல் ஓரங்களில் கனன்றுகொண்டிருந்தது. உறைபனி ஈரத்தால் தீ பரவாமல் நின்றிருந்தது. முப்பது வருஷமாக அவள் கீழே நின்று காவல் காத்த பொருள் அது, கையெட்டும் தூரத்தில். காற்று வருகிற பக்கமாக நின்று, அதைச் சுற்றி வந்தாள். அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. துணி இல்லை, ரத்தம் இல்லை. 

"வீட்டுக்காரரே" என்று கூப்பிட்டாள்.

அந்தச் சொல் இரண்டு தண்டு தாண்டிப் போகவில்லை. அது தேநீர் ஊற்றும்போது பாதிக் குரலில் சொல்கிற சொல். இவ்வளவு பெரிய வெளியில் வீசுவதற்கு ஆன சொல் அல்ல. மறுபடி கூப்பிட்டாள். காற்று தின்றுவிட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அடிபட்டுக் கிடந்தால் விடியற்காலைக் குளிரிலிருந்தே கிடக்கிறான். புகை வேறு. அவள் முகத்துணியை அவிழ்த்தாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"செரிம்பெத்!"

தன் குரலே அவளுக்குப் பழக்கமில்லாததாகக் கேட்டது. யாரோ அந்நியப் பெண் தன் தோளுக்குப் பின்னால் நின்று கத்தியதைப் போலத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வெட்கம், பயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நடந்துகொண்டே இன்னொரு தரம், இன்னொரு தரம் கூப்பிட்டாள். பெயர் நன்றாகப் போயிற்று. புல்வெளி முழுக்கப் போயிற்று. பறவைகள் எழும்பின. பதில் மட்டும் வரவில்லை.

பெயரைச் சொல்லியும் பதில் இல்லையென்றால் பதில் சொல்ல ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். கனிபா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் சொல்லாமல், இங்கே வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? அழுகை வரும் என்று பார்த்தாள். கோபம்தான் வந்தது. கையிலிருந்த வாரைத் தரையில் அடித்து, எதிரே அவன் உட்கார்ந்திருப்பதைப் போலத் திட்டத் தொடங்கினாள்.

"ஒரு மாசமா சொல்றேன். தைங்க, தைங்க, தைங்கன்னு. காதுல வாங்கினாத்தானே? ஊசி இருக்கு, நூல் இருக்கு, கை மட்டும்தான் நோவுது. வந்து தைக்கிறாராம் வந்து. எங்க வந்தீங்க? இந்தச் சேணத்தைப் போட்டுக்கிட்டு எவனாவது குதிரை ஏறுவானா? ஆட்டுக்குட்டிக்கு இருக்கிற அறிவு..."

"தைச்சுக்கலாம் கிழவி" என்று பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கத்தாத. மெதுவாப் பேசு."

அவன் பத்தடி தூரத்தில், பள்ளத்தின் அடியில், கோட்டுக்குள் சுருண்டு கிடந்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. உதடு வெளுத்து, மீசையில் பனி உறைந்திருந்தது. அவள் சரிந்து இறங்கி அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது, ஆனால் உயிருள்ள குளிர்ச்சி. இவ்வளவு நேரம் இங்கேயே கிடந்தீர்களா, காதில் விழவில்லையா என்று கேட்க வாயெடுத்தாள். அவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இங்க ஏதோ சுத்துது" என்றான். "பொம்பளைக் குரல்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. ஒரு தரம் இல்ல, பல தரம். கிட்டவே வந்துச்சு. என் பேரைச் சொல்ற பொம்பளை எங்க அம்மா ஒருத்திதான். அவ போய்ச் சேர்ந்து எத்தனை வருஷம் ஆச்சு. நான் மூச்சே விடல. சட்டையைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

ஆளில்லாத வெளியில் பெயர் சொல்லி எது கூப்பிட்டாலும் பதில் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அதோடு போய்விடுவோம் என்பது எங்கள் பக்கம் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். கனிபாவுக்கும் தெரியும். அவசரத்தில் மறந்துபோயிருந்தாள்.   தலைத்துணியை அவன் கழுத்தில் சுற்றினாள்.

"அப்புறம் நீ திட்டுறது கேட்டுச்சு" என்றான். "பேய்க்கு வயித்துவார் கதையெல்லாம் தெரியாதே. அதான் வாயைத் திறந்தேன்."

எர்முகான் வந்து, அண்ணனை முதுகில் சுமந்து, ஜீப்பில் ஏற்றினான். வழியில்தான் செரிம்பெத் நடந்ததைச் சொன்னான். வானம் எரிந்துகொண்டு வந்ததை அவனும் பார்த்திருக்கிறான். குதிரைகள் மிரண்டன. நட்சத்திரம் மேலே என்று சொல்ல வாயைத் திறந்திருக்கிறான். அதற்குள் பழுப்புக் குதிரை எழும்பியது, வார் அறுந்தது, சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பேச்சைக் கேட்டு எர்முகான் சிரித்தான். உயிரோடு கிடைத்துவிட்டதில் அவனுக்குக் கேலி திரும்பியிருந்தது. கனிபா சிரிக்கவில்லை. அப்படியானால் அவன் நட்சத்திரத்தை யாருமே மேலே என்று சொல்லவில்லை. அவன் சொல்லவில்லை, அவள் சொல்லவில்லை. அது அந்தரத்தில் நிற்கிறது. இன்றைக்குக் கால் போயிற்று, நாளைக்கு?

உருண்டையை எடுத்துக்கொண்டு போக முகமூடி போட்ட ஆட்கள் வந்தார்கள். யாராவது தொட்டார்களா என்று கேட்டார்கள். அது எதனுடையது, யாருடையது என்று நாங்கள் கேட்டதற்கு, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போல. நல்ல அண்டா போய்விட்டதே என்று செரிம்பெத்துக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

கால் கட்டோடு அவன் குளிர்காலம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்திருந்தான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னான். வானம் எரிந்ததையும் கால் ஒடிந்ததையும் இரண்டு வரியில் முடித்துவிடுவான். பேய் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான் பெரிய கதை. ஒவ்வொரு தடவையும் பேய் இன்னும் கிட்டே வந்தது. அதன் குரல் எப்படி இருந்தது என்று யாரோ கேட்டதற்கு, தொண்டை கிழிந்து, நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு போகிற குரல், கேட்டால் எழுந்து போகத்தான் தோன்றும், நான் கெட்டிக்காரன், போகவில்லை என்றான். கனிபா கிண்ணங்களில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறைந்த கிண்ணத்திலேயே மேலும் ஊற்றி வழியவிட்டாள். அவளுக்கும் பேய்ப் பயம் வந்துவிட்டது என்று எர்முகான் எல்லாருக்கும் சொன்னான்.

அவளுடைய மாலைக் காவல் மட்டும் ஓயவில்லை. முன்பைவிட அதிக நேரம் நின்றாள். குளிரில் ஏன் நிற்கிறாய் என்று உள்ளேயிருந்து அவன் கத்துவான். இதோ வருகிறேன் என்பாள், வர மாட்டாள். நகர்கிற வெளிச்சம் ஒன்று கண்ணில் பட்டால், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள், பிறகு உதட்டை அசைப்பாள். அவை நட்சத்திரங்கள் அல்ல என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் விழுகிறது இந்த ஓடுகிற கூட்டத்திலிருந்துதானே. ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாவற்றிடமும் சொல்லிவைத்தாள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு சாயங்காலம். நிலையம் மறுபடி மாலையில் வருகிற நாட்கள். செரிம்பெத் கட்டைப் பிரித்து, கோலை ஊன்றி நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். எதற்கோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். அவளுக்கு அது கேட்கவில்லை. மேற்கே எழுந்த அந்தப் பெரிய வெளிச்சம் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்து, கைகளைக் கோத்துக்கொண்டு, வாய்விட்டே சொன்னாள்.

"செரிம்பெத்தோட நட்சத்திரம் மேலே இருக்கு. செரிம்பெத்தோட நட்சத்திரம் மேலேதான் இருக்கு."

அவன் கோலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்கச் சட்டையைக் கடித்துக்கொண்டு கிடந்தவன் அவன்தான். முதுகில் அதே சில்லிப்பு ஏறியது. அவளைப் பார்த்தான். வெளிச்சம் கிழக்கே சாய்ந்து, நிழலுக்குள் போய் அணைந்தது.  அந்த இருட்டைப் பார்த்து அவள் இன்னொரு தரம் பெயரைச் சொன்னாள்.

"இருக்கேன்" என்றான் செரிம்பெத், அவளுக்குப் பின்னாலிருந்து.

அவள் திரும்பவில்லை.  அதற்குப் பிறகு அவன் யாருக்கும் பேய்க் கதை சொல்லவில்லை. கேட்டால், குளிரில் காது அடைத்துப்போயிருந்தது, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறான்.